மூன்று சுவர் வீடு

நல்ல முகூர்த்த நாளொன்றில் விடியற்காலையில் வடபழனி ஆண்டவர் சந்நிதிக்குப் போகிறவர், முதலில் மணமக்களைத் தரிசித்துவிட்டுத்தான் சுவாமியைத் தரிசிக்க முடியும். ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஜோடி பட்டுச் சேலையின் மடிப்புக் கலையாமல் முறைக்குக் காத்து நிற்கும். ஒரு வீட்டார் அமர்த்திய நாயனக்காரரின் கெட்டிமேளம் பக்கத்து வீட்டுத் தாலிக்கும் சேர்த்தே ஒலித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாசாமி என்னும் பக்தர் ஒரு கூரைக் கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்துப் பூஜித்ததில் தொடங்கிய இந்தக் கோயில், சென்னையில் கல்யாணத்துக்கென்றே பேர்பெற்ற ஸ்தலமாகிவிட்டது. இந்தச் சந்நிதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஆற்காடு சாலையின் ஓரத்தில், கல்யாணங்களை உடைப்பதும் ஒட்டுவதுமே தொழிலாக நெடுங்காலம் நடந்துவந்தது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். நான் சொல்வது சினிமா ஸ்டூடியோக்களை.

காரைக்குடியில் கொட்டகை போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்த ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் 1948-ல் தம் ஸ்தாபனத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். அதே காலத்தில் வாஹினி ஸ்டூடியோ எழுந்தது. பிறகு நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் நடத்திய விஜயா கம்பெனி அதோடு சேர்ந்து, விஜயா–வாஹினி என்ற பேரில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று ஜனங்கள் சொல்லும்படி வளர்ந்தது. சற்று மேற்கே சாலிக்கிராமத்தில் பானுமதியும் ராமகிருஷ்ணாவும் பரணி ஸ்டூடியோவை நடத்தினார்கள், எல்.வி. பிரசாத் தம் பெயரால் ஒன்றை நிறுவினார். ஊர் பேசும்போது இவை எல்லாவற்றையும் 'கோடம்பாக்கம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. விலாசத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் வடபழனிதான். கீர்த்தி மட்டும் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

இந்த ஸ்டூடியோக்களில் கட்டப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, மறுநாளே பிரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளில் திரும்பத் திரும்ப நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கணவனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு இருப்பதை மனைவி கண்டுபிடிக்கிற காட்சி அது. இந்தக் காட்சி இல்லாத குடும்பப் படம் குறைவாகையால், குடும்பம் என்ற ஏற்பாடு தோன்றிய நாளிலிருந்தே இதுவும் இருந்துவருகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியல்ல. தமிழில் பரத்தமை பழையது, ஊடல் பழையது, மனைவியின் கண்ணீரும் பழையது. ஆனால் மனைவி துப்பறிகிறவளாகி ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிப்பது புதியது. அதன் வயது இந்த ஸ்டூடியோக்களின் வயதேதான்.

நம்முடைய மிகப் பிரசித்தமான பிரிவுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவியின் மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் என்று சொல்லி, அதைக் கூனி ஒருத்தியின் கையில் கொடுத்து, நகரத்து இளைஞர்கள் திரிகிற வீதியில் பகிரங்கமாக நிறுத்துகிறார்கள், கோவலன் வாங்குகிறான், கூனியோடு மாதவி மனைக்குப் போகிறான், வீட்டை மறக்கிறான். இதில் ஒளிவு எங்கே இருக்கிறது? புகார் நகரம் முழுவதும் பார்த்திருக்க நடந்த வியாபாரம் அது. கண்ணகிக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், கேட்டபோது அவள் முகம் எப்படி மாறியது என்று இளங்கோவடிகள் ஒரு காட்சி எழுதவில்லை. அவள் சிலம்பையும் மேகலையையும் கழற்றி வைத்துவிட்டாள், கண்ணில் மை தீட்டவில்லை என்று மட்டும் நமக்குத் தெரிவிக்கிறார். இன்றைய திரைக்கதாசிரியர் அந்த இடத்தில்தான் இடைவேளை விடுவார். அடிகளோ அதைக் காட்சியென்றே கருதவில்லை.

சங்கத்து மருதத் திணையிலும் இதே நிலைதான். பரத்தையிடம் போனவன் திரும்பி வருகிறான். பாணனும் விறலியும் வாயிலாக வந்து பரிந்து பேசுகிறார்கள். தலைவி கதவைத் திறக்கலாமா என்று யோசிக்கிறாள். போனானா இல்லையா என்பதில் அங்கே வழக்கே இல்லை. வள்ளுவர் மட்டும் ஓரிடத்தில், அதுவும் பரிகாசமாக, தடயங்களைத் தொடுகிறார். கணவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயோடு, எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். பயந்துபோய் அவன் அடுத்த தும்மலை அடக்கினால், யாரோ நினைப்பதை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். நம் தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்று அறிவுக்கு வழிகள் வகுத்தார்களே, அதில் அனுமானத்தை இவ்வளவு தூரம் இழுத்தவள் வேறெவளும் இருக்கமாட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் வருஷந்தோறும் பங்குனி உத்திரத்தன்று நடக்கிற பிரணய கலகத்தையும் இங்கே நினைக்க வேண்டும். உறையூரில் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டுத் திரும்பிய நம்பெருமாளுக்கு ரங்கநாயகித் தாயார் சந்நிதியின் கதவு சாத்தப்படுகிறது. கண் சிவந்திருப்பதும் குழல் கலைந்திருப்பதும் திலகம் கரைந்திருப்பதும் தாயார் பக்கத்திலிருந்து விசாரிக்கப்படுகின்றன. வேட்டைக்குப் போன அலைச்சல் என்று பெருமாள் பக்கத்திலிருந்து சமாதானம் வருகிறது. பூவும் வெண்ணெயும் வாழைமட்டையும் பறக்கின்றன. கடைசியில் நம்மாழ்வார் வந்து நடுவிலிருந்து தீர்த்து வைக்கிறார். தடயம், விசாரணை, பொய், சமரசம் ஆகிய நாலும் இந்த உற்சவத்தில் இருந்தும், உறையூரில் இன்னொரு நாச்சியார் இருப்பது ரங்கநாயகிக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆகையால்தான் அது ஊடலாக முடிகிறது.

தெரியாதிருந்தால்தானே கண்டுபிடிப்பதற்கு? ஒருவன் இரண்டு தாரம் கட்டுவது சட்டத்துக்கும் சமூகத்துக்கும் சம்மதமாயிருந்த காலத்தில், தாசி வீட்டுக்கு வில்வண்டி கட்டிக்கொண்டு போவது கௌரவக் குறைவாகக் கருதப்படாத காலத்தில், மனைவியிடமிருந்து மறைக்க வேண்டிய அவசியமே புருஷனுக்கு ஏற்படவில்லை. ஆரம்ப காலத்துப் பேசும் படங்களில் இந்த நிலை அப்படியே தெரிகிறது. எஸ்.எஸ். வாசன் கதையை வைத்து எல்லிஸ் டங்கன் இயக்கி 1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி'யைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படம் என்பதால் அதன் பெயர் பலருக்குத் தெரியும். கதாநாயகன் கிருஷ்ணமூர்த்தி குடியிலும் மோகனாங்கி என்பவளின் மோகத்திலும் வெளிப்படையாகவே சொத்தை அழிக்கிறான், மனைவி அறிந்திருக்கிறாள், பொறுத்திருக்கிறாள். படத்தில் சந்தேகம் என்று ஒன்று வருவது கணவனுக்குத்தான்! குற்றமற்ற மனைவி மீது பிறர் மூட்டிவிட்ட சந்தேகத்தில் அவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுகிறான். கண்ணால் கண்டவள் காத்திருக்க, காணாதவன் சுட்டுவிடுகிறான். 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' வரையிலும் இந்தப் பழைய பாணி நீடித்தது. எம்.ஆர். ராதாவின் மோகன், காந்தாவின் வீடே கதியென்று கிடப்பதை ஒளிக்கவில்லை; ஒளிப்பது அவனுக்கு இழுக்கு. மனைவி சந்திரா கண்டுபிடிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

ஆனால் அதற்குள் வெளியுலகில் சட்டம் மாறிவிட்டது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசிமுறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1949-ல் இந்துக்கள் ஒரு மனைவி இருக்கும்போது மற்றொருத்தியை மணப்பதைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்து சென்னை மாகாணம் சட்டமியற்றியது. 1955-ல் இந்துத் திருமணச் சட்டம் அதையே தேசம் முழுமைக்கும் ஆக்கியது. நேற்றுவரை இளைய தாரமாக வாசல் வழியே வந்தவள், இன்று கொல்லை வழியே வரவேண்டியவளானாள். ஆண்பிள்ளையின் குணம் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு ரகசியம் என்ற ஒன்று தேவைப்பட்டதுதான் மாறுதல். மனைவிக்கு ஓர் உரிமை கிடைத்த அன்றுதான் கணவனுக்கு ஒரு ரகசியம் பிறந்தது. ரகசியம் பிறந்த அன்றுதான் சினிமாவுக்கு இந்தக் காட்சி கிடைத்தது. ஏவி.எம்.மும் வாஹினியும் இந்த ஊரில் விளக்கேற்றிய வருஷங்களையும் இந்தச் சட்டங்களின் வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கிடைத்த உரிமையும் அரைகுறைதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு தொடர்பு கொண்டவனைத் தண்டிக்க அந்தப் பிறனுக்குத்தான் வழி வைத்ததேயன்றி, தொடர்பு கொண்டவனின் மனைவிக்கு வைக்கவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்யும்வரை அவள் அதில் யாருமில்லை. மனைவி இருக்க மறுமணம் செய்வது குற்றம். ஆனால் சடங்குகள் முறைப்படி நடந்ததாக நிரூபித்தால்தான் அது மறுமணம் என்று 1965-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நம் படங்களில் மனைவி, அவளை நேசிக்கிறாயா என்று கேட்பதற்கு முன், அவள் கழுத்தில் தாலி கட்டினாயா என்று கேட்பது, பட்டிக்காட்டுத்தனம் என்று சிலர் சிரிக்கிற மாதிரி, வெறும் உணர்ச்சி வசனம் அல்ல. சட்டம் அறிந்த வக்கீலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

இனி, அந்தக் காட்சி ஸ்டூடியோவில் எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். செட்டில் போடுகிற வீட்டுக்கு மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காமிரா நிற்கும், கூரை இருக்க வேண்டிய இடத்தில் பரண் கட்டி லைட்பாய்கள் விளக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூன்று சுவருக்குள் மாடிப்படி ஒன்று, பாதி சாத்திய கதவு ஒன்று, நிலைக்கண்ணாடி ஒன்று, கறுப்பு டெலிபோன் ஒன்று அவசியம் இருக்கும். இந்த நாலும் வீட்டு உபயோகத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல, மனைவி தெரிந்துகொள்வதற்காக வைக்கப்பட்டவை. கணவனின் கோட்டுப் பையிலிருந்து கடிதம் விழும். கடிதத்தைத் தனியே இன்ஸர்ட்டாக எடுத்து ஒட்டுவார்கள். எழுதியவளின் குரல் மேலே வாசிக்கும். ரீரிக்கார்டிங்கில் வயலின்கள் எல்லாம் ஒரேயடியாக ஏறும், இடியும் சேரும்.

சட்டையில் குங்குமக் கறை என்பது வண்ணப் படம் வந்தபிறகுதான் முழு வலுப்பெற்றது என்பது என் ஊகம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் சிவப்பு நிறம் மங்கிய கறுப்பாகத்தான் விழும். வெள்ளைச் சட்டையில் அது குங்குமமா, மைக்கறையா, குழம்பா என்று கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்குத் தெரியாது. ஆகையால் மனைவி கறையைத் தொட்டு, நெற்றியைப் பார்த்து, ஒரு வசனமும் பேசியாக வேண்டும். அதைவிடக் கறுத்த கோட்டின்மேல் ஒரு மல்லிகை இதழ் நன்றாகத் தெரியும். எந்தத் தடயம் எந்தக் காலத்துக்கு என்பதைப் பாதி தீர்மானித்தது ஒழுக்கம் அல்ல, படச்சுருள்.

மூன்று சுவர் வீட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. நாலாவது சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாம். கணவன் யாரோடு போனான் என்பது நமக்கு அரைமணி நேரத்துக்கு முன்பே தெரியும். முழுப் பூசணிக்காயை அவன் சோற்றில் மறைப்பதை நாம் பார்த்துக்கொண்டேயிருக்கிறோம். அதனால் அந்தக் காட்சியில் நமக்குப் புதிய செய்தி ஒன்றும் கிடையாது. நாம் காத்திருப்பது ஒரு முகம் மாறுவதைப் பார்க்கத்தான். நல்ல நடிகை அகப்பட்டால் வசனமே வேண்டாம். அகப்படாவிட்டால் இடி வேண்டும்.

வடபழனியின் இரண்டு ஸ்டூடியோக்களும் இந்தக் காட்சியை ஆளுக்கொரு விதமாகத் திருப்பிப் போட்ட சாமர்த்தியத்தைச் சொல்லாமல் போக முடியாது. விஜயா கம்பெனிக்காக எல்.வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா' 1955-ல் வந்தது. உத்தியோகத்துக்காகப் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கிற இருவர், ஜெமினி கணேசனும் சாவித்திரியும்; அவன் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டு இவளுக்கு எரிகிறது. தாலியே இல்லாதவளுக்குத் துரோகம் எங்கிருந்து வந்தது? பெண்டாட்டி இல்லாமலே பெண்டாட்டியின் சந்தேகத்தை எடுத்துக் காட்டிய அந்த ஹாஸ்யத்துக்கு இணையாக அதன்பின் வந்தவை கொஞ்சம்.

ஏவி.எம். செய்தது வேறு. 1954 ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கினார், ஜாவர் சீதாராமன் வசனம் எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபர் நாளில் ராஜன் என்கிற ரேடியோ எஞ்சினியர் சுடப்பட்டுச் சாகிறான். சிவாஜி கணேசன் திரையில் தோன்றியதும் குண்டு பாய்ந்து விழுகிறார் என்றால் அன்றைய ரசிகர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்புள்ள அம்புஜம், மனைவி உஷா என்று விசாரணை நகர, ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் செத்தவன் வேறொரு மனிதனாகத் தெரிகிறான். அம்புஜத்தின் சகவாசம் இன்னொரு படத்தில் பன்னிரண்டு ரீலுக்குப் போதும்; இங்கே அது ஒரு சில்லறை விஷயம். உஷா கண்டுபிடிப்பது அதைவிடப் பெரியது: தன் கணவன் எதிரிக்குத் தேசத்தின் ரகசியங்களை விற்கிறவன். பரஸ்திரீயின் இடத்தில் ஒரு பகை நாட்டை வைத்த துணிச்சல் அதற்கு முன்னும் இல்லை, எனக்குத் தெரிந்து பின்னும் அதிகமில்லை. வசூல் சுமார்தான், தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

அதன்பிறகு ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்தக் காட்சி ஒரே தடத்தில் ஓடியது. மத்தியதர வர்க்கத்து வாடகை வீட்டையும் ஆபீஸையும் அதற்குள் கொண்டுவந்தவர் கே. பாலசந்தர். 'இரு கோடுகள்' (1969) படத்தில் குமாஸ்தாவின் மனைவி ஜெயா சந்தேகப்படுகிற பெண் அந்த ஜில்லாவின் கலெக்டர். கடைசியில் பார்த்தால் அவள்தான் முதல் மனைவி. சட்டத்தின் கண்ணுக்கு ஜெயாவே மற்றொருத்தி. 1982-ல் மணிவண்ணன் இயக்கிய 'கோபுரங்கள் சாய்வதில்லை'யும் இப்படித்தான்: கண்டுபிடிக்கிறவள் இரண்டாவதாக வந்தவள், கண்டுபிடித்தபின் அவள் முதல் மனைவி அருக்காணியின் பக்கம் சேர்ந்துகொள்கிறாள். 'சிந்து பைரவி'யில் (1985) சங்கீத ஞானமில்லாத, பிள்ளையில்லாத பைரவி, கணவனின் தொடர்பை அறிந்து துடித்து, பிறகு தானே சம்மதிக்கவும் முன்வருகிறாள். சிந்துதான் குழந்தையைக் கொடுத்துவிட்டு விலகுகிறாள்.

இந்தப் படங்களைப் பற்றி எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. கணவன் வழி தவறியதற்குக் காரணம் மனைவியிடம் இருக்கிற ஏதோ ஒரு குறை என்று இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே வாதாடி முடித்துவிடுகின்றன. பைரவிக்கு ஞானம் இல்லை. அருக்காணிக்கு நாகரிகம் இல்லை. பாக்யராஜின் 'சின்ன வீடு' (1985) படத்தில் கல்பனா பருமனாக இருக்கிறார். பத்து வருஷம் கழித்து, பாலு மகேந்திராவின் இயக்கத்தில் கமல்ஹாசன் தயாரித்த 'சதி லீலாவதி'யிலும் அதே கல்பனா அதே பருமனுக்காக வஞ்சிக்கப்படுகிறார். 1936-ஆம் வருஷத்து லீலாவதிக்கு ஒரு குறையும் கற்பிக்கப்படவில்லை என்பதை அந்தப் பழைய படத்தின் பெருமையாகவே எழுதிவைக்க வேண்டும். புதிய லீலாவதி அழுதுகொண்டு காத்திருக்காமல் காரியத்தில் இறங்குகிறாள் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு.

தடம் மாறியது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அதே பாலு மகேந்திராவின் 'மறுபடியும்' (1993) படத்தில். மகேஷ் பட் இந்தியில் 1982-ல் எடுத்த 'அர்த்' படத்தின் தமிழ் வடிவம் இது. துளசியாக ரேவதி, கணவனாக நிழல்கள் ரவி, மற்றவளாக ரோகிணி. எல்லாம் முறிந்தபின் கணவன் திரும்பி வருகிறான், மன்னிக்கச் சொல்கிறான். நானே இப்படிச் செய்துவிட்டு வந்திருந்தால் நீ என்னை ஏற்பாயா என்று அவள் கேட்கிறாள். மாட்டேன் என்கிறான். அவளும் ஏற்கவில்லை. மருதத்துத் தலைவி முதல் ரங்கநாயகித் தாயார் வரை கடைசியில் திறந்த கதவு, இங்கே திறக்கவில்லை. பாணனும் வரவில்லை, ஆழ்வாரும் வரவில்லை.

பிறகு இந்தக் காட்சி டெலிவிஷனுக்குக் குடிபெயர்ந்தது. சினிமாவில் அரை ரீலில் முடிந்தது, சீரியலில் திங்கட்கிழமை கடிதம் விழுந்து, புதன்கிழமை பிரிக்கப்பட்டு, வெள்ளிக்கிழமை முகம் மாறி, அடுத்த திங்கள்வரை காத்திருக்க வைக்கிற பண்டமாகிவிட்டது. செட் போடுகிற செலவும் இல்லை. சாலிக்கிராமம், வளசரவாக்கம் பக்கத்துப் பங்களாக்களை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீடுகளுக்கு நாலு சுவர் உண்டு. வாஹினி நின்ற மண்ணில் 1972-ல் விஜயா ஆஸ்பத்திரி வந்தது. 2013-ல் ஒரு பெரிய அங்காடி வளாகமும் அதற்குள் தியேட்டர்களும் வந்துவிட்டன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அந்த நாள்' படத்தை இதுவரை பார்க்காதவர்கள் ஒரு முறை பாருங்கள். சுட்டது யார் என்பதை நான் இங்கே சொல்லவில்லை. எல்லோரும் சிவாஜியைப் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள், கணவன் யார் என்பது தெரிந்துவிட்ட பிறகு உஷாவாக நடிக்கும் பண்டரிபாயின் முகத்தைப் பாருங்கள்.